பெயர் ஏறியது, பிள்ளை வந்தானா?

திருக்கோவிலூர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த பழங்கதை ஒன்று உண்டு. அடைமழை கொட்டுகிற இரவு. ஒரு வீட்டின் இடைகழியிலே ஒருவர் ஒதுங்கிப் படுத்திருக்கிறார். இன்னொருவர் நனைந்துகொண்டே வந்து கதவைத் தட்டுகிறார். இங்கே ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், வாருங்கள் என்று முன்னவர் எழுந்து உட்காருகிறார். கொஞ்ச நேரத்தில் மூன்றாமவர் வருகிறார். இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம், வாருங்கள் என்று இருவரும் எழுந்து நிற்கிறார்கள். பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் என்று அந்த மூவருக்கும் பெயர் சொல்வார்கள். அதற்குப் பிறகு நான்காவதாக வந்து நெருக்கியவர் யார் என்ற விவகாரத்தைப் பக்தர்களுக்கே விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது அந்த இடைகழி.

இடைகழி அகலமாகவில்லை. சுவர் நகர்ந்து கொடுக்கவில்லை. உள்ளே இருந்தவர் எழுந்தார். வெளியே நின்றவருக்கு இடம் கிடைத்தது. படுத்தவர் படுத்தபடியே கிடந்து, "கதவு திறந்துதானே இருக்கிறது, வரவேண்டியவர் வரட்டுமே" என்று சொல்லியிருந்தால், வந்தவர் மழையிலே நின்றிருப்பார். திறந்த கதவும் மூடிய கதவும் அவருக்கு ஒன்றாகவே இருந்திருக்கும்!

இன்று நான் பேச வந்தது தொழிற்பயிற்சி நிலையங்களைப் பற்றி. ஐ.டி.ஐ. என்று நாம் வழக்கமாகச் சொல்கிறோமே, அவற்றைப் பற்றி. அங்கே கதவு திறந்துதான் இருக்கிறது. ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில் விண்ணப்பம் போடச் சொல்லி அறிவிப்பு வருகிறது. கலந்தாய்வு நடக்கிறது. காலி இடம் இருந்தால் நேரடியாக வந்து சேரலாம் என்று மறுபடியும் அழைக்கிறார்கள். மாற்றுத் திறனாளிகள் வரலாம், மலைவாழ் மக்கள் வரலாம், பெண்கள் வரலாம், எட்டாம் வகுப்போடு நின்றவர்களும் வரலாம் என்கிறார்கள். நல்லது. வரவேற்கிறோம். ஆனால் ஒரு கேள்வி கேட்கிறோம். ஜூலையிலே பெயர் ஏறிய பிள்ளை, கார்த்திகை மழையிலே வகுப்பில் இருந்தானா? பொங்கலுக்குப் பிறகு இருந்தானா? தேர்வு எழுதினானா? சான்றிதழோடு வெளியே வந்தானா?

சேர்க்கைக் கணக்கைக் காட்டிப் பெருமை பேசுகிறவர்கள் வருகைக் கணக்கையும் காட்டட்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் ஒரே கோரிக்கை.

தொழிலாளியின் பல்கலைக்கழகம்

தோழர்களே! இந்த நிலையங்கள் எப்படி வந்தன என்பதை மறந்துவிடக் கூடாது. 1950ஆம் ஆண்டு மத்திய அரசு கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. மூன்று ஆண்டு கழித்து, 1953இல், நம் மாநிலத்திலே என்ன நடந்தது? அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வித் திட்டம் என்று நாடே அதற்குப் பெயர் சூட்டியது. சலவைத் தொழிலாளி மகனுக்கு வெள்ளாவி, குயவர் மகனுக்குச் சக்கரம், சவரத் தொழிலாளி மகனுக்குக் கத்தி என்று பிறந்தபோதே எழுதிவைத்த தலையெழுத்தை அரசாங்கமே அச்சிட்டுத் தர முனைந்த திட்டம் அது. ஊர் ஊராக எதிர்ப்பு மூண்டது. இராஜாஜி பதவி விலகினார். காமராசர் வந்ததும், 1954இல், திட்டம் கைவிடப்பட்டது.

அதற்கு நேர் எதிரானது ஐ.டி.ஐ. அங்கே அப்பன் என்ன தொழில் செய்தான் என்று கேட்பதில்லை. நீ என்ன தொழில் கற்க விரும்புகிறாய் என்று கேட்கிறார்கள். மாடு மேய்த்தவன் மகன் டர்னர் ஆகலாம். கரும்பு வெட்டுகிறவள் மகள் எலெக்ட்ரீஷியன் ஆகலாம். பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் பிட்டர், எலெக்ட்ரீஷியன், மெஷினிஸ்ட். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டால் வெல்டர், வயர்மேன். 2022இல் திருக்கோவிலூருக்கு அரசு கலை அறிவியல் கல்லூரி வந்தது; மகிழ்ந்தோம். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பை எட்டிப் பிடிக்க முடியாமல் வழியிலே விழுந்தவன் கதி என்ன? அவனைத் தூக்கி நிறுத்துகிற இடம் ஐ.டி.ஐ. ஒன்றுதான். தொழிலாளி வீட்டுப் பிள்ளையின் பல்கலைக்கழகம் அது.

அந்தப் பல்கலைக்கழகம் எல்லோருக்கும் உரியது என்றால், அதற்குள் முதலில் வரவேண்டியவர்கள் யார்? வேறு எந்த வாசலும் திறக்காதவர்கள்தானே!

சட்டம் சொல்வது என்ன?

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் மாற்றுத் திறனாளிகள் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். "ஊனமுற்றோர்" என்ற சொல்லை மாற்றி "மாற்றுத் திறனாளிகள்" என்று அழைக்கக் கற்றுக்கொண்டோம். சொல்லை மாற்றியது சிறிய காரியமல்ல. ஆனால் சொல் மாறினால் படிக்கட்டு தானாகக் கரைந்துவிடுமா?

1995இலே ஒரு சட்டம் வந்தது. 2016இலே அதைவிட வலுவான மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. 2017 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசு உயர்கல்வி நிலையங்களிலே 5 விழுக்காடு இடம் என்கிறது அந்தச் சட்டம். தொழிற்பயிற்சியைப் பற்றித் தனியாகவே பேசுகிறது: பொதுவாக நடக்கும் எல்லாத் தொழிற்பயிற்சித் திட்டங்களிலும் இவர்களைச் சேர்க்க வேண்டும்; சேர்ந்த பிறகு பயிற்சி பெறுவதற்கான வசதியும் துணையும் தரவேண்டும். தனிக் கொட்டகை போட்டு ஓரமாக உட்கார வைத்துக் கூடை முடையச் சொல்வது இந்தச் சட்டத்துக்கு உடன்பாடல்ல.

இன்னொரு பிரிவை நம் தோழர்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். அது பதினாறாவது பிரிவு. அரசு பணம் பெறும், அல்லது அரசு அங்கீகாரம் பெறும் கல்வி நிலையங்கள் பாகுபாடு காட்டாமல் சேர்க்க வேண்டும், கட்டடத்தை அவர்கள் நடமாடத் தக்கதாக அமைக்க வேண்டும் என்பதோடு அது நிற்கவில்லை. சேர்ந்த ஒவ்வொரு மாற்றுத் திறனாளி மாணவரும் வகுப்பில் பங்கு கொள்கிறாரா, முன்னேறுகிறாரா, படிப்பை முடிக்கிறாரா என்று கண்காணிக்க வேண்டும் என்கிறது. போக்குவரத்து வசதியைப் பற்றியும் பேசுகிறது. தோழர்களே, கவனித்தீர்களா? சேர்த்தாயா என்று மட்டும் சட்டம் கேட்கவில்லை. முடித்தானா என்று கேட்கிறது!

நீதிமன்றமும் அதே வழியிலேதான் போகிறது. மருத்துவப் படிப்பிலே இடம் கேட்ட ஒரு மாணவர் வழக்கில், 2024 அக்டோபரிலே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: ஊனம் இத்தனை விழுக்காடு என்ற எண்ணை மட்டும் பார்த்து ஒருவரைத் தள்ளக் கூடாது, அவரால் படிப்பைத் தொடர முடியுமா என்று ஆராய்ந்து பார்க்க வேண்டும். அடுத்த மாதமே வந்த இன்னொரு தீர்ப்பிலே, பொது இடங்களை மாற்றுத் திறனாளிகள் பயன்படுத்தும்படி அமைப்பது அரசின் விருப்பத்துக்கு விட்ட காரியமல்ல, கட்டாயமான விதிகள் வேண்டும் என்றது. டாக்டர் படிப்புக்கே இந்த நியாயம் என்றால், வெல்டர் படிப்புக்கு இல்லையா?

மூன்று பிள்ளைகள்

சட்டம் இருக்கட்டும். பிள்ளைகளைப் பார்ப்போம். மூன்று பேரை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். உங்கள் ஊரிலேயே இப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள்.

முதலாமவன், தென்பெண்ணைக் கரையோரத்துப் பையன். பிறவியிலேயே ஒரு கால் சூம்பியவன். மூளை கூர்மை, கை வேகம், பழுதான மின்விசிறியைப் பிரித்துப் பூட்டிவிடுவான். எலெக்ட்ரீஷியன் பிரிவில் இடம் கிடைக்கிறது. எங்கே? உளுந்தூர்பேட்டையிலே என்று வைத்துக்கொள்ளுங்கள். திருக்கோவிலூரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். பயண அட்டை அரசாங்கம் தருகிறது. ஆனால் அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸிலே ஏற முடியுமா? முதல் படி அவன் முழங்கால் உயரம். காலைக் கூட்டம். நடத்துநர் விசில் ஊதிவிடுகிறார். ஏறினால் முதல் வகுப்பு, ஏறாவிட்டால் வீடு. வகுப்பு மாடியிலே என்றால் அங்கே இன்னொரு படிக்கட்டு. கழிப்பறை அவன் உட்காரத் தக்கதாக இல்லையென்றால் காலை முதல் மாலை வரை தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டும். இத்தனையும் தாண்டி அவன் வருகிறான் என்றால், அவன் மாணவனல்ல, மாவீரன்! மாவீரனாக இருந்தால்தான் வயர் இழுக்கக் கற்றுக்கொள்ளலாம் என்பது எந்த ஊர் நியாயம்?

இரண்டாமவள், காது கேளாத பெண். கண்ணாலே பார்த்ததைக் கையாலே செய்துவிடுவாள். தையல் தொழில்நுட்பமோ, கம்ப்யூட்டரோ எடுத்திருக்கிறாள். பயிற்றுநர் நல்லவர்தான். ஆனால் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார். அவர் முதுகு இவளுக்கு எதைச் சொல்லும்? சைகை மொழி அறிந்தவர் ஒருவரும் இல்லை. மற்றவர்கள் சிரிக்கும்போது எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் தலை குனிகிறாள். இரண்டு வாரம் போகிறாள். மூன்றாவது வாரம், தலைவலி என்று தாயிடம் சைகை காட்டுகிறாள். பதிவேட்டிலே "வரவில்லை" என்று விழுகிறது. உண்மையிலே வராதது யார்? அவளா? பாடம்தானே அவளிடம் வரவில்லை!

மூன்றாமவன், கல்வராயன் மலைப் பிள்ளை. ஊனம் எதுவும் இல்லை; காட்டு மாடுபோல் திடமானவன். அவன் குறை, மலையிலே பிறந்தது. 1976 வரை ஜாகீர்தார்கள் பிடியிலே கிடந்த மலை அது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டு கழித்துத்தான் அந்த மக்களுக்கு ஜாகீர் விலங்கு கழன்றது. அந்தப் பிள்ளைக்குச் சாதிச் சான்று வேண்டும். மற்றவர்களுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் முடிகிற காரியம், பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் கையெழுத்துவரை போகவேண்டும். சமவெளியிலே வாழும் இருளர் வீட்டுப் பிள்ளைக்கும் இதே அலைச்சல்தான். இடம் கிடைத்தாலும் தினம் மலையிறங்கி வந்து போக முடியாது, விடுதி வேண்டும். விடுதி கிடைத்தாலும், கரும்பு வெட்டும் காலம் வந்தால் தாயும் தகப்பனும் கூட்டத்தோடு கிளம்பிவிடுவார்கள். தம்பி தங்கையைப் பார்க்க ஆள் வேண்டும், அல்லது வெட்டுக்கே இன்னொரு கை வேண்டும். பிள்ளை போய்விடுகிறான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். தேர்வு எழுத 80 விழுக்காடு வருகை வேண்டும் என்பது விதி. நூறு நாளில் இருபது நாள்தான் தவறலாம். பஸ் தவறிய நாட்கள், மருத்துவச் சான்றுக்கு அலைந்த நாட்கள், அடையாள அட்டைக்குக் காத்துக்கிடந்த நாட்கள், கால் வலித்த நாட்கள், கரும்பு வெட்டிய நாட்கள். இருபது நாள் எத்தனை மாதத்தில் தீரும்? விதியைத் தளர்த்திக் கைவேலை தெரியாதவனுக்குச் சான்று கொடு என்று நாம் கேட்கவில்லை. அரைகுறை வெல்டர் போட்ட ஒட்டு என்றைக்காவது ஒரு தொழிலாளியின் தலையில்தான் விழும். விதி இருக்கட்டும். அந்த 80ஐ எட்ட முடியாமல் செய்கிற தடைகளை எடு என்கிறோம்.

அக்கறை இல்லையாம்!

"இவர்களுக்குப் படிப்பிலே அக்கறை இல்லை, ஐயா! இடம் கொடுத்தோம், வரவில்லை; நாங்கள் என்ன செய்வது?" என்று சொல்லும் கனவான்கள் உண்டு. இந்தப் பாட்டு நமக்குப் புதிதல்ல. நூறு ஆண்டுக்கு மேலாகக் கேட்ட பாட்டு. ஏழை வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதில்லை என்று அன்றைக்கும் இப்படித்தான் சொன்னார்கள். 1920இலே, சர் பிட்டி தியாகராயர் காலத்திலே, சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பகல் உணவு போட்டது. பிள்ளைகள் வந்தார்கள். 1956இலே காமராசர் ஆட்சி மதிய உணவை மாநிலம் எங்கும் கொண்டுபோனது. வந்தார்கள். 1982இலே எம்.ஜி.ஆர். ஆட்சி அதைச் சத்துணவாக விரித்தது. 2022 செப்டம்பரிலே காலை உணவும் வந்தது. அக்கறை இல்லை என்று பழிக்கப்பட்ட அதே பிள்ளைகள்தான் வந்தார்கள்! அவர்களிடம் இல்லாதிருந்தது அக்கறையல்ல, சோறு. சோற்றை வைத்தோம், அக்கறை தானாகத் தெரிந்தது.

ஐ.டி.ஐ.யிலும் அரசு கைகொடுக்காமல் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. மிதிவண்டி, சீருடை, புத்தகம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலே மாதம் 1,000. ஆண் பிள்ளைகளுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலே மாதம் 1,000. இரண்டும் கிடைத்தால் 1,750 ரூபாய். மறுக்கவில்லை, பாராட்டுகிறோம். ஆனால் மாதத்தில் 25 நாள் வகுப்பு என்று வைத்துப் பங்கிட்டுப் பாருங்கள்: நாளுக்கு 70 ரூபாய். சித்தாள் வேலைக்குப் போனால் அதைவிடப் பல மடங்கு அன்றைக்கே கையிலே கிடைக்கும். பசித்த வீட்டிலே நாளைய பிட்டரைவிட இன்றைய சித்தாள்தான் அடுப்பை எரிப்பான். அவன் வராததற்குச் சோம்பல் என்று பெயர் வைப்பது எவ்வளவு எளிது! எவ்வளவு கொடுமை!

முதலாளி போர்டு போட்ட கணக்கு

இன்னொரு வாதம் உண்டு. அன்போடு சொல்வதுபோல் இருக்கும். "பட்டறை ஆபத்தான இடம். எந்திரம் சுழலும், தீப்பொறி பறக்கும். கை கால் சரியில்லாதவர்களை அங்கே விடலாமா?"

இதற்கு நாம் பதில் சொல்ல வேண்டாம். முதலாளிகளுக்கெல்லாம் முதலாளி, அமெரிக்காவின் ஹென்றி போர்டு சொல்லட்டும். அவர் தருமவானல்ல, ஒரு நொடி வீணாவதையும் சென்ட்டிலே கணக்குப் பார்த்தவர். தன் கார்த் தொழிற்சாலையில் உள்ள வேலைகளை எல்லாம் வகைப்படுத்தி, எந்த வேலைக்கு எந்த உறுப்பு வேண்டும் என்று பார்த்ததாக 1922இலே எழுதினார். மொத்தம் 7,882 வகை வேலைகள். அவற்றிலே திடகாத்திரமான, முழு உடல் வலுவுள்ள ஆள்தான் வேண்டும் என்பவை 949 மட்டுமே! இரண்டு காலும் இல்லாதவர் செய்யக்கூடியவை 670. ஒரு கால் உள்ளவர் செய்யக்கூடியவை 2,637. ஒரு கையால் செய்யக்கூடியவை 715. கண் தெரியாதவர் செய்யக்கூடியவை 10. இரண்டு கையும் இல்லாதவர் செய்யக்கூடியவைகூட 2 இருந்தன. கூட்டிப் பாருங்கள்: 4,034. பாதிக்கு மேல்!

நூறு ஆண்டுக்கு முந்தைய எந்திரத்திலேயே இந்தக் கணக்கு என்றால், பொத்தானை அழுத்தினால் கம்ப்யூட்டர் கடைசல் பிடிக்கும் இந்தக் காலத்திலே என்ன கணக்கு வரும்? டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை ஏறத்தாழ 2,877 கோடி ரூபாயிலே நவீனத் தொழில் மையங்களாக மாற்றும் திட்டத்தைத் தமிழக அரசு எடுத்தது. ரோபோ வந்தது, கணினிக் கடைசல் எந்திரம் வந்தது. இவற்றிலே புஜபலத்துக்கு வேலை குறைவு. கண்ணுக்கும் விரலுக்கும் மூளைக்கும்தான் வேலை. அத்தனை கோடி எந்திரத்துக்கு முன்னாலே சக்கர நாற்காலி போக ஒரு சாய்தளம் இல்லையென்றால் அந்தக் கோடிகளுக்கு என்ன பொருள்?

அமெரிக்கா தூரம் என்பீர்கள். காட்பாடி தூரமில்லையே! திருக்கோவிலூர் வழியாகப் போகிற விழுப்புரம் - காட்பாடி ரயில் பாதையின் அந்த முனையிலே இருக்கிறது வொர்த் டிரஸ்ட். சுவீடன் நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம், தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்களுக்காக 1963இலே தொடங்கிய பட்டறை அது. விரல் மடங்கியவர்கள், உணர்ச்சி மரத்த கையுடையவர்கள் என்று ஊர் ஒதுக்கியவர்கள் அங்கே எந்திரத்தின் முன் நின்று பாகங்கள் செய்தார்கள். பார்வையற்றோர் எழுதுகிற பிரெயில் எந்திரங்கள்கூட அங்கே உருவாயின. ஊர் தொட மறுத்த கை, உலகம் தொட்டுப் படிக்கும் எழுத்துக்கு எந்திரம் செய்து கொடுத்தது! "முடியாது" என்பவர்கள் ஒருமுறை ரயில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

வராத பிள்ளை எங்கே போகிறான்?

வகுப்புக்கு வராத பிள்ளை ஆவியாகிவிடுவதில்லை. எங்கேயோ போகிறான். எங்கே?

2015 ஏப்ரல் 7. ஆந்திராவின் சேஷாசலம் காட்டிலே 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றார்கள். தமிழகத்து மலைகளிலிருந்தும் மலையடிவாரத்து ஊர்களிலிருந்தும் கூலிக்குப் போனவர்கள் அவர்கள். கையிலே தொழில் இருந்திருந்தால் கோடரியோடு அடுத்த மாநிலத்துக் காட்டுக்கு ஏன் போகிறார்கள்?

2024 ஜூன். கள்ளக்குறிச்சி கருணாபுரம். நஞ்சுச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடங்காய்ச்சிகள். அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்து, சாலை எங்கே, பள்ளி எங்கே, மருத்துவமனை எங்கே என்று கேள்வி கேட்டது. மலையிலே ஊறல் பானையை உடைப்பதற்குப் போலீஸ் ஏறுகிறது. செய்தியும் படமும் வருகின்றன. உடைக்கட்டும். ஆனால் பானையை உடைத்த கை, அந்தப் பிள்ளையின் கையிலே ஒரு கருவியைக் கொடுத்ததா? ஊறல் அடுப்பு அணைந்தே கிடக்க வேண்டுமானால், அந்த வீட்டுப் பிள்ளையின் கையிலே வெல்டிங் தீ எரிய வேண்டும். வேறு வழியில்லை.

மாற்றுத் திறனாளிப் பிள்ளை எங்கே போகிறான்? அவன் எங்கும் போவதில்லை. திண்ணையிலே உட்காருகிறான். அண்ணன் தம்பிக்குப் பாரம் என்ற பட்டத்தோடு ஐம்பது ஆண்டு உட்காருகிறான். அதற்குச் சாவு என்று பெயரில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

என்ன செய்ய வேண்டும்?

அரசுக்குச் சொல்வோம். ஒவ்வொரு ஐ.டி.ஐ. வாசலிலும் ஒரு பலகை வைக்கட்டும். சேர்ந்தவர் எத்தனை, இந்த மாதம் வந்தவர் எத்தனை, தேர்வு எழுதியவர் எத்தனை, தேறியவர் எத்தனை, வேலைக்குப் போனவர் எத்தனை என்று அதிலே எழுதட்டும். மாற்றுத் திறனாளிகள், பழங்குடியினர், பெண்கள் என்று தனித்தனியாக எழுதட்டும். இரண்டாவது, மருத்துவச் சான்றும் சாதிச் சான்றும் பிள்ளையைத் தேடி வரட்டும். சேர்க்கைக்கு முன்னாலே, ஏப்ரலிலேயே, திருக்கோவிலூரிலும் வெள்ளிமலையிலும் முகாம் போட்டு முடிக்கட்டும். மூன்றாவது, வகுப்புத் தொடங்கும் நேரத்துக்குப் பஸ் வரட்டும். ஏறத்தக்க பஸ் வரட்டும்.

நிலையங்களுக்குச் சொல்வோம். காசில்லாமல் செய்யக்கூடிய காரியங்கள் எத்தனையோ உண்டு. கால் நடக்காத பையன் இருக்கும் வகுப்பைத் தரைத் தளத்துக்கு மாற்ற எந்த அரசாணையும் வேண்டாம். காது கேளாத பெண்ணைப் பார்த்துப் பேசவும், செய்முறையை நாலு வரி எழுதிக் கொடுக்கவும் எந்த நிதியும் வேண்டாம். மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு ஒரு போன் போட, மனம் மட்டும் போதும். பெரும்பாலான பயிற்றுநர்கள் நம் வீட்டிலிருந்து போனவர்கள்தான், சொன்னால் செய்வார்கள்.

கடைசியாக, தோழர்களே, நமக்கே சொல்லிக்கொள்வோம். வாக்குச் சாவடி வாரியாக வீட்டுக் கணக்கு வைத்திருக்கிறோம். எந்த வீட்டிலே எத்தனை ஓட்டு, யார் சென்னையிலே, யார் பெங்களூரிலே என்று மூச்சு விடாமல் சொல்கிறோம். எந்த வீட்டுத் திண்ணையிலே ஒரு பிள்ளை படிப்பை விட்டு உட்கார்ந்திருக்கிறான் என்று நம் கணக்கிலே உண்டா? இந்த ஆண்டு முதல் மூன்று தடவை அந்த வீட்டுக் கதவைத் தட்டுவோம். மே மாதம் ஒரு தடவை, விண்ணப்பம் போட. ஆகஸ்டு கடைசியிலே ஒரு தடவை, வகுப்புக்குப் போகிறானா என்று பார்க்க. பொங்கல் கழிந்து ஒரு தடவை, கரும்பு வெட்டுக்குப் போனவன் திரும்பினானா என்று கேட்க. முதல் தடவை போகப் பல பேர் வருவார்கள், படம் பிடிக்கலாம். இரண்டாவது, மூன்றாவது தடவை படமும் இல்லை, மாலையும் இல்லை. அன்றைக்குப் போகிறவன்தான் தொண்டன்!

ஆலையிலே வேலை செய்யும் தொழிலாளித் தோழர்களுக்கும் ஒரு வேலை உண்டு. 1961ஆம் ஆண்டிலிருந்து தொழில் பழகுநர் சட்டம் இருக்கிறது. பழகுநராக வருகிற பையன் நொண்டி வந்தால், "இவன் எதற்கு?" என்று முதலாளி கேட்பதற்கு முன்னாலே, பக்கத்து எந்திரத்துக்காரன் கேட்டுவிடுகிறான். அந்தக் கேள்வி நம் வாயிலிருந்து வரக் கூடாது. உன் எந்திரத்துக்குப் பக்கத்திலே அவனுக்கு ஒரு முக்காலி போட்டுக் கொடு. உனக்குத் தெரிந்த நுணுக்கம் ஒன்றை அவனுக்குச் சொல்லிக் கொடு. எந்திரம் கையை வாங்கிவிட்டால் நாளைக்கு நீயே அந்த இடத்தில் நிற்கலாம் என்பது தொழிலாளிக்குத் தெரியாதா என்ன?

மறுபடியும் அந்த இடைகழிக்கே வருகிறேன். அங்கே மூன்று பேர் நிற்க இடம் கிடைத்தது, வீட்டுக்காரன் சுவரை இடித்ததால் அல்ல. முதலில் வந்தவர் எழுந்தார். எழுந்து, நகர்ந்து, "வாருங்கள்" என்றார். வந்தவர் நின்ற பிறகும் கூடவே நின்றார்; மழை விடும்வரை நின்றார்.

நாமும் கொஞ்சம் எழுந்து நகர்ந்து நிற்போம், தோழர்களே! பஸ்ஸிலே நகர்வோம். பட்டறையிலே நகர்வோம். பெயர் ஏறினால் போதாது, பிள்ளை வரவேண்டும். வந்தால் போதாது, தொழிலோடு வெளியே போகவேண்டும். அதுவரை நம் வேலை முடியவில்லை.